பச்சை அட்டைக்காரி

எட்டாம் மாதம். இரண்டு நாளாக இதழினிக்குத் தலை வெடித்தது. முகம் வீங்கி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தால் நர்ஸ் அதே பாட்டைத்தான் பாடினாள்.

"உங்களுக்கு பிரஷர் வராதுன்னு மூணாம் மாச ரத்த டெஸ்ட்டுலயே தெரிஞ்சுபோச்சும்மா. பச்சை அட்டைக்கெல்லாம் பிரஷர் பார்க்கிறதில்ல."

"அதுக்காக வலிக்கிற தலையைக் கழட்டியா வைக்க முடியும்?" என்று போனை விட்டெறிந்தாள்.

ஓரகத்தி நறுமுகையும் கர்ப்பம்தான். அவளுக்கு பிரஷர் வரும் என்று சிவப்பு அட்டை. அதனால் வீட்டுக்கே பிரஷர் மெஷின் வந்திருந்தது. அவள் விரல் பட்டால்தான் அது வேலை செய்யும். நறுமுகை விரலை வைத்துவிட்டு, பட்டையை இதழினியின் கையில் சுற்றினாள். நூற்றெழுபதைக் காட்டி மெஷின் அலறியது. நறுமுகை பெயருக்குத் தகவல் போய் ஆம்புலன்ஸ் பறந்து வந்தது.

"எனக்கில்லைங்க, இவளுக்குத்தான்" என்று நறுமுகை கத்தக் கத்த, "பதறாதீங்கம்மா, பிரஷர் இன்னும் ஏறிடும்" என்று அவளைத்தான் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக் கட்டினார்கள்.

இதழினி தலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறப் போனாள்.

"துணைக்கு வர்றவங்க முன்சீட்டுல உக்காருங்க" என்றார் டிரைவர்.