புகாரில் இருந்த கையெழுத்து

"நீதானே கையெழுத்துப் போட்டே?"

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில், நாலு பேர் பார்க்க வெர்லீனை மடக்கினாள் ஓப்பல். கையில் மாநில அழகுக்கலை வாரியத்தின் உத்தரவு நகல்.

வெர்லீன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா, நான்தான் போட்டேன்" என்றாள்.

மழுப்பல் இல்லை, வெட்கம் இல்லை. ஓப்பலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். கினி நாட்டிலிருந்து வந்த மரியாமா, வெர்லீனின் பியூட்டி பார்லருக்கு எதிர்ச்சாரியில் ஒரு சின்ன இடம் பிடித்து, தலை முழுக்கச் சன்னச் சன்னமாக ஜடை பின்னிவிடுவாள். ஆறு வருஷத் தொழில். லைசென்ஸ் கிடையாது. வாங்க வேண்டுமென்றால் அழகுக்கலைப் பள்ளியில் ஆயிரத்தைந்நூறு மணி நேரம் உட்கார வேண்டும். வெர்லீன் உட்கார்ந்து தேறியவள். அவள் புகார் கொடுக்க, வாரியம் வந்து மரியாமாவின் கடையை மூடிவிட்டது.

"ஜடை பின்றதுக்கு லைசென்ஸாடி? அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு மணி நேரமாவது ஜடை சொல்லிக் குடுத்தாங்களா உனக்கு?"

"இல்லை."

"அப்புறம்?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல, ஓப்பல்."

"எதிர்ல ஒருத்தி பிழைக்கறது பொறுக்கலைன்னு சொல்லிட்டுப் போயேன். சட்டமாம், பெரிய சட்டம்."

வெர்லீன் பாட்டுக் குழு வரிசையில் போய் நின்றுகொண்டாள். முப்பது வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள். ஓப்பல் அன்று இடம் மாறி நின்றாள்.

ஓப்பல் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். அவள் காதில் காலையில் விழுந்த சேதி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். இது போகாமல் இருக்குமா?

"வெர்லீன் கடைக்குப் போகாதேன்னு நான் யாரையும் தடுக்கலை" என்பாள். "இது சுதந்திர நாடு. பிடிச்சா போங்க. பிடிக்கலையா, போகாதீங்க. அவளுக்குத்தான் சட்டம் தெரியுமா? நமக்கு வியாபாரம் தெரியும்."

யாருக்கும் பிடிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, மற்ற வருஷமாக இருந்தால் வெர்லீன் கடையில் உட்கார இடம் இருக்காது. அந்த வருஷம் வெர்லீன் தானே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

மரியாமா ஹோட்டல் அறைகளைப் பெருக்கித் துடைக்கப் போனாள். தலைநகரிலிருந்து, தொழில் செய்கிற உரிமைக்காக வாதாடும் வக்கீல் ஒருத்தர் காசு வாங்காமல் அவள் வழக்கை எடுத்துக்கொண்டார்.

வழக்கு பதினாறு மாசம் இழுத்தது. வெர்லீனின் பார்லர் பதினோரு மாசம்தான் தாங்கியது. பக்கத்து ஊர்க் கோழிக்கறித் தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. 'வாடகைக்கு' என்று தொங்கிய பலகையைப் பார்த்து ஓப்பல் பஸ்ஸை மெதுவாக ஓட்டினாள். நன்றாக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. ஜடை பின்ன யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. மரியாமா கடையைத் திறந்த அன்று முதல் ஆளாக நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் ஓப்பல்.

"எதிர்க்கடையையும் நீயே எடுத்துக்கடி. அவ செஞ்ச வேலைக்கு அதுதான் சரி."

பின்னிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அக்கா, கேஸ் முடிஞ்சிடுச்சு. இனிமே சொல்லலாம்."

"என்னத்தை?"

"எத்தனை நாள்தான் பயந்து பயந்து பின்றதுன்னு, கடை மூடறதுக்கு முன்னாடியே அந்த வக்கீலைப் போய்ப் பார்த்தேன். 'சட்டம் உங்களை இன்னும் ஒண்ணும் பண்ணலையே. பண்ணினாத்தான் கோர்ட்டு காது குடுக்கும், அப்ப வாங்க'ன்னு அனுப்பிட்டார். வாரியம் என்னடான்னா, லைசென்ஸ் உள்ளவங்க யாராவது கையெழுத்துப் போட்டுப் புகார் குடுத்தாத்தான் வரும். பக்கத்து ஊர்கள்ல ஏழு பேரைக் கெஞ்சினேன். 'உன் மேல புகாரா? அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்'னு ஏழு பேரும் நழுவிட்டாங்க."

ஓப்பல் தலையைத் திருப்பப் பார்த்தாள். ஜடை மரியாமாவின் கையில் இருந்தது.

"வெர்லீனை நான் கேக்கவே இல்லைக்கா. எப்படியோ கேள்விப்பட்டு, அவங்களா தெருவைத் தாண்டி வந்து, 'காகிதத்தை இப்படிக் குடு'ன்னு வாங்கிக் கையெழுத்துப் போட்டாங்க. பேசிவெச்சுப் பண்ணினதுன்னு தெரிஞ்சா கேஸ் நிக்காது, தீர்ப்பு வர்றவரைக்கும் வக்கீல்கிட்டகூட மூச்சு விடாதேன்னாங்க."

ஓப்பலுக்கு நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் மட்டும் இன்னும் பழி போட ஆள் தேடியது.

"எங்கிட்ட மட்டுமாவது நீ சொல்லியிருக்கலாம்டி."

"சொல்றேன்னுதான் சொன்னேன்க்கா. அவங்க சிரிச்சாங்க. 'ஓப்பலுக்குச் சொல்லவே வேண்டாம். நான் உன் வயித்துல அடிச்சேன்னு ஊரே சொன்னாலும் அவ நம்பமாட்டா'ன்னாங்க."