இடைவேளையில் ஒரு கல்யாணம்

கொள்ளைநோய்க் காலத்தில் எந்த வீரருக்கு எந்த நாளில் காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் இயந்திரம், கல்லூரிக் கால்பந்து லீக்கிடம் மட்டுமே இருந்தது. வீரர்கள் எல்லாரும் நலமாக இருக்கும் நாளில்தான் ஆட்டம் வைப்பார்கள். அதனால் நாகர்கோவிலில் அட்டவணைச் செயலாளர் ஜெபராஜைத் தேடிக் கல்யாண வீட்டார் வந்தார்கள்.

“எங்க மாப்பிள்ள கோல்கீப்பர். தையில அவருக்கு என்னைக்கு மேட்ச்?” என்றார் பெண்ணின் அப்பா தாணுலிங்கம்.

“இருபதாம் தேதி, நம்ம ஊர்லயே.”

“அப்போ அன்னைக்கே கல்யாணம். போன தடவ நாங்களா நாள் பாத்தோம். மணவறையில மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மண்டபத்தையே பூட்டிட்டாவ. இடைவேளையில தாலி கட்டட்டும்.”

ஜெபராஜ் சிரித்தார். “பொண்ணுக்குக் காய்ச்சல் வராதுன்னு யாரு சொன்னா?”

தாணுலிங்கம் யோசித்தார். மறுநாளே, எம்.ஏ. படிக்கும் மகள் பகவதியைப் பெண்கள் அணியில் மாற்று ஆட்டக்காரியாகச் சேர்த்துவிட்டார்.

சில வாரப் பயிற்சிக்குப் பிறகு புதிய அட்டவணை வந்தது. இருபதாம் தேதி அவளுக்கும் ஆட்டம் இருந்தது, மதுரையில்.

“நீ ரிசர்வுதானம்மா, ஒருநாள் லீவு சொல்லிரு” என்று தாணுலிங்கம் மகளிடம் கெஞ்சினார்.

பந்தைத் துடைத்துக்கொண்டிருந்த பகவதி நிமிரவில்லை. “கோச் என்னைய முதல் பதினொண்ணுல போட்டிருக்காவ. கல்யாணத்த அடுத்த மேட்சுக்கு மாத்துங்கப்பா.”