நாற்பத்தொரு வரிகள்

"என் போனையே போட்டுக்கோயேன்" என்றார் வெங்கடநாராயணன், மண்குவளைத் தேநீரை ஊதியபடி.

ஹம்சினி நீட்டிய திரையில் 'சம்மதம்' என்ற பொத்தானைப் படிக்காமலேயே அழுத்தினார். படித்திருந்தால், அலுவலக வைஃபை சேமித்து வைத்திருக்கும் பழைய பதிவுகளுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்மதம் என்பது தெரிந்திருக்கும்.

அலுவலக விதி அது. ஒருவருடைய இணையப் பயன்பாட்டை வெளியாருக்குக் காட்ட அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் இயக்குநரான அவர்தான் முன்வருவார். பெரிய திரையில் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்கும்.

நியூ டவுனில், ஒன்பதாவது மாடி. நைரோபியிலிருந்து வந்திருந்த தொலைபேசி நிறுவனத்தார் நான்கு பேர் முன்வரிசையில். அவர்களுக்குப் பின்னால் மனிதவளத் தலைவி சத்யப்ரியா சென். இந்தக் கூட்டத்தில் அவருக்கு வேலையே இல்லை. ஒரு தடவை வந்து பாருங்கள் தீதி என்று ஹம்சினிதான் அழைத்திருந்தாள்.

இதுவரை தொலைபேசி நிறுவனங்களின் கணக்கில் மாதக் கடைசியில் ஒரே ஓர் எண்தான் வரும். பதினெட்டு ஜிபி என்றால் பதினெட்டு ஜிபி. மூட்டையை அப்படியே எடை போட்டுக் காசு வாங்குவது.

ஹம்சினி எழுதிய மென்பொருள் மூட்டையைப் பிரிக்கும். பாட்டு தனி, வங்கி தனி, வீடியோ அழைப்பு தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலை. என்ன பேசினார்கள் என்று அதற்குத் தெரியாது. யாரை, எப்போது, எவ்வளவு நேரம் என்பது தெரியும்.

எழுதி முடிக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. மற்றவர்கள் பூஜைப் பந்தல்களைச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலும் எழுதினாள். இந்த வெங்கடநாராயணனை ஒரு நாள் ஊர் பார்க்க வரிவரியாகப் பிரித்துப் போட வேண்டும் என்றுதான்.

ரோஹிணி சாஹா அவளுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவள். வெங்கடநாராயணன் தினமும் மாலையில் வீடியோவில் கூப்பிடுகிறார், எடுக்காவிட்டால் மறுநாள் வேலையில் அதைக் காட்டுகிறார் என்று எழுதிக் கொடுத்தாள். பயத்தில் போனிலிருந்து அந்தச் செயலியையே அழித்திருந்தாள். அதனால் காட்ட அவளிடம் எதுவும் இல்லை.

அந்த நேரத்தில் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார் அவர். அலுவலக வைஃபையின் பதிவும் மொத்தக் கணக்கை மட்டும்தான் சொன்னது. விசாரணைக் குழு புகாரைத் தள்ளிவிட்டது.

ரோஹிணி இப்போது காளிகாட்டில், அப்பாவின் கடையில், சங்கு வளையல் விற்கிறாள். அந்தப் பக்கம் வேலை இருக்கும் நாட்களில்கூட ஹம்சினி ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கிச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

கனமான மாதம் ஒன்றைக் காட்டுங்கள் என்றார்கள் விருந்தினர்கள்.

ரோஹிணி புகாரில் சொன்ன, சென்ற ஆண்டின் மார்ச்சை அவள் தட்டினாள்.

கிரிக்கெட் என்ற தலைப்பின் கீழ் ஒன்றுமே இல்லை.

வீடியோ அழைப்பு என்பதன் கீழ் நாற்பத்தொரு வரிகள். பதினேழாம் தேதியிலிருந்து இருபத்தெட்டு வரை, மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில். எதிர்முனை எண் எல்லாவற்றிலும் ஒன்றேதான்; அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தன. முப்பத்தொன்பது வரிகளின் முடிவில் 'பதில் இல்லை' என்றிருந்தது.

விருந்தினர்களில் மூத்தவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. எடுக்காத அழைப்புக்கும் கட்டணம் உண்டா என்று கேட்டார்.

கணக்கில் வந்துவிடும், தண்டம் போடுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம் என்றாள் ஹம்சினி.

சத்யப்ரியா தன் போனை எடுத்து அந்த நான்கு இலக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தார். ரோஹிணியின் பெயர் வந்ததும் தலை நிமிர்ந்தது.

வெங்கடநாராயணன் குரலை உயர்த்தவில்லை. முகத்தில் சிரிப்பு மாறாமல், தமிழில் சொன்னார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் ஹம்சினியும்தான். மற்றவர்களுக்குப் புரியக் கூடாத எதையும் பத்து வருடமாக அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

"இத மூடும்மா. எல்லாரும் பாத்துண்டிருக்கா. உனக்கு என்ன வேணுமோ அப்பறம் பேசிக்கலாம்."

ஹம்சினி சத்யப்ரியாவின் பக்கம் திரும்பினாள். வெங்கடநாராயணன் சொன்னதை ஒரு சொல் விடாமல் வங்காளத்தில் சொன்னாள். பிறகு விருந்தினர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு முறை.

வெங்கடநாராயணன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், நிறுத்தத் தெரியாதவர் போல.

சத்யப்ரியா எழுந்து ஹம்சினியின் அருகில் வந்தார். ரோஹிணியின் புகார்க் கோப்பை இன்றைக்கே திறக்க வேண்டும் என்றார் தாழ்ந்த குரலில். நீயும் வந்துவிடு, அந்த விசாரணைக் குழுவில் நீயும்தானே இருந்தாய்.

இருந்தாள். மூன்று பேரில் ஒருத்தியாக.

அன்றைக்கு விசாரணையிலும் வெங்கடநாராயணன் மேசைக்கு எதிர்ப்புறமிருந்து, இதே சிரிப்போடு, அவளைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னார். கூப்ட்டேன்தாம்மா, இல்லேங்கல. நீ பாத்துக்கோ.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ரோஹிணி ஹம்சினியை நிமிர்ந்து பார்த்தாள். என்ன சொல்கிறார் தீதி என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று ஹம்சினி மொழிபெயர்த்தாள்.