பாதிப் படம்

"மூச்சு விடாதீங்க!" என்று அதட்டிவிட்டு, போட்டோக்காரர் லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்தார். வாசலில் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் பெரியவன் விறைப்பாக நின்றான். இடப்பக்கம் காலி.

'க்ளிக்' என்றது கேமரா.

"ஒரு பாதி முடிஞ்சுது. அடுத்த பாதியும் இதே பிலிம்லதான். அதுவரைக்கும் ஸ்டாண்ட் ஒரு நூல்கூட அசையக் கூடாது. வெயிலும் இப்படியே இருக்கணும்."

அந்தக் காலி இடம் சின்னவனுக்கு. அப்பா இறந்தபோது, சின்னவன் ஊர் வந்து சேருவதற்குள் பெரியவன் அடக்கத்தை முடித்துவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. ஒருவன் இருக்கும் திசையில் மற்றவன் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

வீட்டை விற்றாகிவிட்டது. நாளைக்கு அம்மா மகளோடு வெளியூர் போகிறாள். போகுமுன் இந்த வாசலில் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

படத்துக்கு இருவருமே சம்மதித்தார்கள். பக்கத்தில் நிற்கத்தான் சம்மதிக்கவில்லை. தனித்தனியாகச் செல்போனில் எடுத்து ஒட்டிவிடலாம் என்றாள் மகள்.

"ஒட்டு வேலை எனக்கு வேணாம். ஒரே பிலிம்ல ரெண்டு பேரும் இருக்கணும்" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். இந்தப் பழைய கேமராக்காரரைத் தேடிப் பிடித்ததும், இன்றைக்கு மத்தியானம்தான் என்று நேரம் குறித்ததும் அவளேதான்.

திட்டம் இதுதான். பெரியவன் கிளம்பியதும் மகள் போன் செய்வாள். பின் தெருவில் காத்திருக்கும் சின்னவன் வருவான். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் இரண்டில் ஒருவன் திரும்பிப் போய்விடுவான், படமும் போய்விடும்.

அம்மாவோ பெரியவனை விடுவதாக இல்லை. "பரண்ல இருக்கற பெட்டியை இறக்கி வெச்சுட்டுப் போடா" என்று உள்ளே அனுப்பிவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை அள்ளத் தொடங்கினாள்.

"இன்னும் காயவே இல்லையேம்மா! வெயில் சுள்ளுனு அடிக்குது" என்றாள் மகள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்."

பெரியவன் பெட்டியை இறக்கிவிட்டு வெளியே வந்தபோது முற்றம் இருண்டிருந்தது. அவன் பைக்கை நெருங்குவதற்குள் மழை சடசடவென்று கொட்டிவிட்டது. மகள் குடையை விரித்துக்கொண்டு கேமராவிடம் ஓடினாள். ஒரே காற்றில் குடை பின்பக்கம் மடங்கிக்கொண்டது.

"கேமரா நனைஞ்சா எல்லாம் போச்சு! யாராவது வாங்களேன்!" போட்டோக்காரர் சேற்றில் மண்டியிட்டு ஸ்டாண்டின் கால்களைக் கட்டிக்கொண்டார். அவருடைய பையிலிருந்து ஒரு தார்ப்பாயை உருவி, பெரியவன் இரண்டு முனையைப் பிடித்தான். மற்ற இரண்டு முனையும் காற்றில் பேயாட்டம் ஆடின. மகளுக்கு எட்டவில்லை.

அப்போது, அந்தக் கூச்சலைக் கேட்டு, கேட்டைத் தள்ளிக்கொண்டு, தொப்பலாக நனைந்து, சின்னவன் உள்ளே ஓடிவந்தான். அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"போச்சு" என்றாள் மகள் வாய்க்குள்.

"மரம் மாதிரி நிக்காத! அந்தப் பக்கம் புடிடா!" வாசலிலிருந்து அம்மா போட்ட சத்தத்தில் அவன் கை தானாக நீண்டது.

தார்ப்பாய்க்கு அடியில் கேமரா. அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். விட்டால் அம்மாவின் படம் போய்விடும். இரண்டு பேருமே விடவில்லை.

"கொஞ்சம் ஒசத்திப் புடிக்கச் சொல்லு" என்றான் சின்னவன், தங்கையைப் பார்த்து.

"அவன் கைதான் தாழ்ந்திருக்குன்னு சொல்லு" என்றான் பெரியவன், அவனும் தங்கையைப் பார்த்து.

தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் குளமாகத் தேங்கி, கேமராவின் தலையைத் தொட இறங்கியது.

"ஊத்துங்க, ஊத்துங்க!" என்று கதறினார் போட்டோக்காரர்.

சின்னவன் தன் பக்கம் சாய்க்கப் போனான்.

"டேய், என் பக்கம் சாய்டா! இன்னும் நனைஞ்சா உனக்கு மூச்சிழுப்பு வந்துடும்!"

அத்தனை தண்ணீரும் பெரியவன் தலையில் கொட்டியது. அவன் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"அப்பா முகத்தைக் கடைசியா ஒருதரம் பார்க்க விட்டிருக்கலாம்ல?" சின்னவனின் குரல் உடைந்தது.

"விட்டிருக்கணும். எல்லாரும் அவசரப்படுத்தினாங்க... என் தம்பி வரட்டும்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துப்பில்ல. தப்புதான்டா."

சின்னவன் ஓர் அடி முன்னால் வந்து, அண்ணன் தலைக்கும் சேர்த்துத் தார்ப்பாயை இழுத்துப் பிடித்தான். மகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மழை வந்த வேகத்திலேயே விட்டது. வெயில் திரும்பவும் வாசலில் விழுந்தது. போட்டோக்காரர் எழுந்து, தார்ப்பாயை விலக்கி, லென்ஸைத் துடைத்தார்.

"அசையலையே? முதல் பாதி தப்பிச்சுதா?" என்றாள் மகள் பதறிப்போய். அவர் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா நாற்காலியின் ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் வாங்கடா. ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க."

"என்னைத்தான் முதல்லயே எடுத்தாச்சேம்மா" என்றான் பெரியவன். "மறுபடி நின்னா அந்தப் படம் வீணாயிடாதா?"

அம்மா போட்டோக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப பிலிமைப் போடுப்பா."