இன்னொரு முறை கேட்பது

வட அட்லாண்டிக் கடலில் உள்ள பேரோ தீவுகளுக்குப் போகும் பயணத்தை மகிழ்நனும் இன்பவல்லியும் உணவு மேசையில் அமர்ந்து திட்டமிட்டார்கள். வாய்ச்சொல்லைக் கேட்டே பயணச்சீட்டு எடுத்துவிடும் 'வழித்துணை' என்ற பொறி நடுவில் இருந்தது.

"நீங்களும் வாங்களேன் மாமா" என்றாள் மருமகள் இன்பவல்லி.

கலங்கரை விளக்கில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்பலவாணர், காற்று ஓயாத அந்தத் தீவுகளின் பெயர்களையெல்லாம் மனப்பாடமாக அறிந்தவர். ஆயினும் கேட்டவுடன் தலையாட்டுவது அவருக்குப் பழக்கமில்லை.

"எனக்கெதுக்கும்மா? நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்பார்கள் என்று சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தார்.

மகனுக்கும் மருமகளுக்கும் மட்டும் கேட்கும்படி, அவர்கள் காதில் மாட்டியிருந்த கருவிகளுக்குள் பொறி பேசியது: "ஐயா உபசாரத்துக்காக மறுக்கிறார். குரலில் ஆசை தெரிகிறது. இன்னொரு முறை கேளுங்கள், வருவார்."

இன்பவல்லி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"அப்பாதான் வேண்டாங்கிறாரே" என்றான் மகன் மகிழ்நன், சிரித்தபடி. "அங்க அடிக்கிற காத்துல வேட்டி நிக்காது. ரெண்டு பேருக்கு மட்டும் போடு."

பயணச்சீட்டுகள் பதிவாயின. அம்பலவாணரும் சிரித்தார்.

"ரசம் ஊத்தட்டுமா மாமா?"

"போதும்மா."

"அட, கொஞ்சம் ஊத்திக்குங்க" என்று வற்புறுத்தி ஊற்றினாள் இன்பவல்லி.