இடமிருந்து வலம் பதினொன்று

அரியலூருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது ராஜவேலிடமிருந்து போன் வந்தது.

வெற்றிச்செல்வி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன பேச வேண்டும் என்று நான்கு மாதமாக யோசித்து வைத்திருந்தாள்.

"இடமிருந்து வலம் பதினொண்ணு தப்பு செல்வி," என்றார் அவர்.

பெரம்பலூரில் விதைக் கடை வைத்திருக்கும் அவள் கணவர், காலையில் பேப்பரும் குறுக்கெழுத்துமாக உட்கார்ந்தால் அவ்வளவுதான். பால் பொங்கிவிட்டது என்று கத்தினாலும் அதில் எத்தனை எழுத்து என்று எண்ணுவார்.

போன வாரம் அவள், "மூச்சு முட்டுதுங்க" என்று அழுதாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஒன்பது எழுத்து என்றார்.

கடிதம் எழுதி வைத்தால் அவர் கண்ணில் படாது. அதனால் இன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் புதிரிலேயே எழுதிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அரியலூரில் ரயில் பிடித்தால் விழுப்புரம், தங்கை வீடு.

பதினொன்றுக்குக் குறிப்பு: பெரும் புயல், ஆறு எழுத்து.

சூறைக்காற்று என்று அவளுக்கும் தெரியும். 'வரமாட்டேன்' என்று எழுதினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

அவர் கெஞ்சவில்லை. எங்கே இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. அவள் எழுதியதால் மேலிருந்து கீழாக வரும் காராமணி, 'ட்ராமணி' ஆகிவிட்டதாம். இருபது வருஷமாக விதை விற்பவன் வீட்டில் இப்படி ஒரு பயறு முளைக்கலாமா என்று கேட்டார்.

அவளுக்கு வந்த கோபத்தில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. எந்தப் புயல் பெரம்பலூருக்கு ஒழுங்காக வந்திருக்கிறது, எல்லாம் வரமாட்டேன் என்று கடலோரமாகவே போய்விடுகிறதே, அப்படியென்றால் விடை சரிதானே, ட்ராமணியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பஸ்ஸே கேட்க மல்லுக்கு நின்றாள்.

பக்கத்து சீட்டு அம்மாள் அதுவும் சரிதான் என்றாள். கண்டக்டருக்கு மட்டும் ட்ராமணி உதைத்தது.

முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி வழிவிடாமல் ஊர்ந்துகொண்டிருந்தது.

பிறகு ராஜவேல் தணிந்த குரலில் கேட்டார்.

"அழிச்சிடவா?"

"பேனாவுல எழுதுனதுங்க. அழியாது."

"தெரியும். ஒரு மணி நேரமா அழிச்சிட்டுத்தான் இருக்கேன். பேப்பர் கிழிஞ்சிருச்சு."

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு, காதில் வைத்த போனோடு கடைசியாக இறங்கினாள். எத்தனை கட்டம் கிழிந்தது என்று மட்டும் கேட்டாள்.

ஆறும் என்றார்.

ஸ்டேஷனுக்கா என்று ஆட்டோக்காரர் ஒருவர் பையை வாங்கக் கையை நீட்டினார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.