ஐந்நூறு அடி வித்தியாசம்

"இன்னிக்கு பதினெட்டாயிரத்து நானூறு அடி!" லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஜெயராம், நடக்கும் அடிகளை எண்ணும் தன் வாட்சைத் திருவேங்கடத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார். "அப்பப்பா, முழங்கால் ரெண்டும் விட்டுப் போயிடுத்து."

திருவேங்கடம் அவசரப்படவில்லை. ஜிப்பாக் கையை ஒதுக்கி, புணேயிலிருந்து மகன் நிகில் அனுப்பிய வாட்சைக் காட்டினார். கிளிப்பச்சைப் பட்டை. பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

"எழுபத்தோரு வயசு ஓய் எனக்கு!" என்றார்.

மாட்டுங்காவின் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் இந்தக் கூத்து தொடங்கி அன்றோடு இருபத்தொன்பது நாள். குடியிருப்போர் சொஸைட்டி மீட்டிங்கில் திருவேங்கடம்தான் ஆரம்பித்து வைத்தார். "லிஃப்டும் மொபைலும் வந்தப்புறம்தான் மனுஷா எல்லாரும் நோயாளி ஆனா. அந்தக் காலத்துல நான் தாதர் வரைக்கும் நடந்தே போவேன்."

"அந்தக் காலத்துல சுகர் இருக்கறதே தெரியாம போய்ச் சேர்ந்தா ஓய்!" ஜெயராம் எழுந்துவிட்டார். "இந்தக் காலத்து வாட்சைக் கட்டிண்டு நடந்தா உங்களைவிட நாலு அடி கூடவே நடப்பேன். பந்தயமா?"

"பந்தயம்! முப்பது நாள்ல ஒரே ஒரு நாள் என்னை முந்திக் காட்டும். தோத்தவன் ஒரு வருஷத்துக்கு விடியக்காலம் அஞ்சரைக்கு பார்க்குல சிரிப்பு கிளப்புக்குப் போகணும்."

சிரிப்பு கிளப் என்றாலே ஜெயராமுக்குக் குலை நடுங்கும். வாஷி ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எட்டு மணிக்கு முன் கண் திறக்காத மனிதர். ஊரே பார்க்க இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று கத்தினால் மானம் என்ன ஆவது? மனைவி பத்மஜாவோ, டாக்டர் அவருடைய சுகர் அளவைச் சொன்ன நாளிலிருந்து அவர் தோற்க வேண்டுமென்றே வேண்டிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறத்தில் டிராக் சூட்டும் வாங்கி வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். ஜெயராம் நடக்கவே இல்லை. முதல் நாள் சோபாவில் உட்கார்ந்தபடியே கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். வாட்சும் அதை நடையென்று நம்பி எண்ணத்தான் செய்தது, ஆனால் இருநூறாவது அடியில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மறுநாளே வாட்ச் சுயம்புவின் கைக்குப் போய்விட்டது.

சுயம்பு, தாராவியிலிருந்து வரும் இஸ்திரிக்காரர். கட்டட வாசலில் வண்டி போட்டிருந்தார். சுற்றியுள்ள ஏழு கட்டடங்களுக்கும் அவர்தான் துணி வாங்கித் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பார். இஸ்திரிக்காரர் லிஃப்டில் ஏறக் கூடாதென்று சொஸைட்டி விதி, அதனால் எல்லா மாடிக்கும் படிதான்.

பத்மஜா செம்பூரில் பள்ளிக்கூட டீச்சர். காலையில் அவள் கிளம்பியதும் வாட்ச் கீழே போகும். மாலையில் அவள் வருவதற்குள் தேய்த்த சட்டைக்குள் சுருண்டு திரும்பி வரும். அதற்குக் கூலி ஒரு டம்ளர் காபியும் இரண்டு போண்டாவும்.

யாரிடமும் மூச்சு விடக் கூடாது, வாட்ச் வெளியே தெரியவும் கூடாது என்று ஜெயராம் சத்தியம் வாங்கியிருந்தார். பாவம், மே மாத வெக்கையிலும் சுயம்பு முழுக்கைச் சட்டையைப் போட்டு, இரண்டு மணிக்கட்டிலும் பொத்தானை மாட்டிக்கொண்டு வியர்த்துக் கொட்டினார்.

ஒன்றுதான் ஜெயராமுக்குப் பிடிபடவில்லை. சுயம்புவை எவ்வளவு விரட்டினாலும் திருவேங்கடம் ஐந்நூறு அடி முன்னால் நின்றார். கூடுதலாக இரண்டு முறை மாடி ஏறச் சொன்னால் கிழவர் கணக்கும் ஏறியது. ஒரு நாள் ஜெயராம் மத்தியானச் சாப்பாட்டுக்கு தாராவிக்கு நடந்தே போய்வரச் சொன்னார், அன்றும் அதே ஐந்நூறு.

முப்பதாம் நாள் மத்தியானம் ஜெயராம் பதறிப்போய் லிஃப்டில் இறங்கி வண்டிக்கு வந்தார்.

"அரே சுயம்பு, இன்னிக்குக் கடைசி நாள்ப்பா! ஸ்டேஷன் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடிட்டு வா. அந்தக் கிழத்தை ஆயிரம் அடி முந்திடு, நாளைக்கு நாலு போண்டா தரேன்."

சுயம்பு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் எம்புட்டு ஓடுனாலும் அவுகள முந்த முடியாது சார்."

"ஏன் முடியாது? உனக்கு நாப்பது வயசு, அவருக்கு எழுபத்தொண்ணு!"

"சொல்லக் கூடாது சார். சத்தியம் பண்ணிருக்கேன்லா."

"என்கிட்டதானே பண்ணினே? நானே சொல்றேன், சொல்லு!"

"ஒங்ககிட்ட மட்டுமா பண்ணுனேன்?"

சுயம்பு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். பொத்தான்களைக் கழற்றி, சட்டைக் கைகள் இரண்டையும் முழங்கைவரை சுருட்டினார். இடது மணிக்கட்டில் ஜெயராமின் வாட்ச். வலது மணிக்கட்டில் கிளிப்பச்சைப் பட்டை.

"இஸ்திரி போடுதது வலது கை சார், அத இடது கை எப்பிடி முந்தும்?"